ரெங்கம் பிரேம் கடையின் பீல்ட் மார்ஷல் வரிசை: வேலைப்பாடு முதல் தரம், தேதிதான் தடுமாறுகிறது

ஜொகூரில் ரெங்கம் கடைத்தெருவில் சாமி படத்துக்கும் கல்யாணப் படத்துக்கும் பிரேம் போட்டுத் தரும் ஒரு கடையில் இப்போது இன்னொரு சரக்கும் கிடைக்கிறது. உலகப் படைகளில் ஜெனரலுக்கும் மேலான பீல்ட் மார்ஷல் அல்லது அதற்கு நிகரான உச்சப் பதவியைத் தொட்டவர்களின் படம், அவர்கள் அணிந்த பதவிச் சின்னத்தின் நகல், கீழே தமிழில் பெயர்ப்பலகை, மூன்றும் ஓர் ஆழமான கண்ணாடிப் பெட்டிக்குள். மொத்தம் எட்டுப் பேர்: இந்தியாவின் கரியப்பா, மானெக்‌ஷா, அர்ஜன் சிங், பிரிட்டனின் ஸ்லிம், டெம்பிளர், ஜப்பானின் தெராவுச்சி, அமெரிக்காவின் மெக்ஆர்தர், சோவியத்தின் ஸுக்கோவ். தமிழ்ப்பள்ளிகளின் வரலாற்று மூலைக்கும், பட்டாளத்திலிருந்து பென்ஷனில் வந்தவர்களின் வீட்டுக் கூடத்துக்கும் வாங்கிப் போகிறார்கள். குளுவாங்கில் மக்கோத்தா இராணுவ முகாம் இருப்பதால் அந்தப் பக்கத்து ஆர்டரும் உண்டு.

12க்கு 14 அங்குலப் பெட்டி ஒன்று 165 வெள்ளி (ரிங்கிட்). எட்டும் சேர்த்து எடுத்தால் 1,150. பாதி முன்பணம், கைக்கு வர மூன்று வாரம். இணையத்தில் இதில் பாதி விலைக்கு வரும் பெட்டிகளில் சின்னம் வெறும் அச்சுத் தாள்தான். இங்கே வார்த்த பித்தளை, அல்லது ஜரிகைக் கம்பியில் கையால் தைத்தது. அந்த வேலைக்கு இந்த விலை தகும்.

ஆனால் எட்டையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க வேண்டாம். பதவிச் சின்னத்துக்குத் தேதி உண்டு. ஒருவர் பீல்ட் மார்ஷல் ஆவதற்கு முன் எடுத்த படத்துக்குக் கீழே பீல்ட் மார்ஷல் சின்னத்தை வைத்தால் பெட்டி முழுதும் பொய்யாகிவிடும். இந்த வரிசையில் நான்கு பெட்டிகளில் அந்தத் தவறு இருக்கிறது. இன்னும் மூன்றில் வேறு தவறு. குறை சொல்ல இடமில்லாதது அர்ஜன் சிங் பெட்டி ஒன்றுதான். எல்லாமே ஆர்டர் கொடுக்கும்போது சொல்லித் திருத்திக்கொள்ளக் கூடியவை. அதனால்தான் ஒவ்வொன்றாக எழுத வேண்டியிருக்கிறது.

அதிகம் விற்பது மானெக்‌ஷா பெட்டி. உள்ளே இருப்பது 1971 போர்க்காலப் படம். அந்த டிசம்பரில் அவர் ஜெனரல். பீல்ட் மார்ஷல் பதவி 1973 ஜனவரி 1-இல் வந்தது. அதே மாதம் 15-ஆம் தேதி தரைப்படைத் தலைவர் பொறுப்பை ஒப்படைத்தார். தலைவராக இருந்துகொண்டு அந்தப் பதவியில் அவர் இருந்தது இரண்டே வாரம். இந்திய ஜெனரலின் தோளில் கழுத்துப் பக்கம் அசோகச் சிங்கம், நடுவில் ஐந்து முனை நட்சத்திரம், வெளிப்பக்கம் குறுக்காக வைத்த கோலும் வாளும் இருக்கும். பீல்ட் மார்ஷலுக்கு அந்த நட்சத்திரம் கிடையாது. சிங்கத்துக்குக் கீழே கோலும் வாளும் தாமரை வளையத்துக்குள் அடங்கிவிடும். கடைப் பெட்டியில் படத்தை உற்றுப் பார்த்தால் தோளில் நட்சத்திரம் தெரிகிறது. இரண்டு அங்குலம் கீழே பித்தளையில் தாமரை வளையம் மின்னுகிறது. இரண்டும் ஒரே பெட்டிக்குள் நிற்கக் கூடாது. காலர் பட்டையிலும் இதே கதைதான்: சிவப்புப் பட்டையில் ஜெனரலுக்கு நான்கு நட்சத்திரம், பீல்ட் மார்ஷலுக்கு ஐந்து.

கேட்டால் 1973க்குப் பிந்தைய படத்தை மாற்றிப் போட்டுத் தருகிறார்கள். அல்லது 1971 படத்தையே வைத்துக்கொண்டு ஜெனரல் சின்னம் போடச் சொல்லலாம். வங்கதேசப் போருக்காக அவரை நினைப்பவர்கள் இரண்டாவதைக் கேட்பதே பொருத்தம். பெயர்ப்பலகையில் ‘ஓய்வு பெற்ற பீல்ட் மார்ஷல்’ என்று பொறித்திருப்பதையும் எடுக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் அந்தப் பதவி ஆயுள் முழுக்க. பொறுப்பு முடியும், பதவி முடியாது. அந்த இடத்தில் எழுத வேறு செய்தி இருக்கிறது. கடைசிக் காலத்தை நீலகிரியில் கழித்தவர் அவர். 2008 ஜூன் 27 அன்று வெலிங்டன் இராணுவ மருத்துவமனையில் இறந்து, ஊட்டியில் அடக்கமானார். தமிழ்நாட்டு மண்ணில் அடங்கியவர் என்ற செய்தி தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு முன்னால் இருக்கட்டும்.

கரியப்பா பெட்டியில் தவறு இரட்டை. 1949 ஜனவரி 15 அன்று இந்தியப் படைக்கு முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். அந்த நாள்தான் இன்றும் இந்தியாவில் தரைப்படை தினம். பெட்டிக்குள் இருப்பது அந்த ஆண்டுப் படம். 1950 ஜனவரி 26-இல் இந்தியா குடியரசாகும்வரை அந்தப் படையின் சின்னங்களில் பிரிட்டிஷ் கிரீடம்தான் இருந்தது. ஆகவே 1949 படத்துக்குக் கீழே அசோகச் சிங்கமே வரக் கூடாது, தாமரை வளையம் அதைவிட வரக் கூடாது. பீல்ட் மார்ஷல் பதவி அவருக்குக் கிடைத்தது 1986-இல், 1953-இல் ஓய்வு பெற்று 33 ஆண்டுகள் ஆன பிறகு. சின்னம் அப்படியே இருக்க வேண்டுமென்றால் முதுமைக்காலப் படம் ஒன்றே வழி.

அர்ஜன் சிங் பெட்டியை இந்த வரிசைக்கே அளவுகோலாகச் சொல்லலாம். இந்திய விமானப்படையில் ‘மார்ஷல்’ பதவி பெற்றவர் இவர் ஒருவர்தான், 2002-இல். கடைக்காரர் எடுத்திருப்பது சீருடையோடு இருக்கும் முதுமைப் படம். கீழே கைப்பட்டை: அகலப் பட்டை ஒன்று, அதற்கு மேல் மெல்லிய பட்டை நான்கு. ஒரு மெல்லிய பட்டை குறைந்தால் அவர் ஏர் சீப் மார்ஷல் ஆகிவிடுவார். இரண்டு குறைந்தால் ஏர் மார்ஷல். 1965 போரில் விமானப்படையை நடத்தியபோது அவர் இருந்தது அந்த ஏர் மார்ஷல் பதவியில். ஏர் சீப் மார்ஷல் ஆனது 1966-இல். நான்கு பட்டையும் ஒரே இடைவெளியில், ஒன்றுகூடக் கோணாமல் ஓடுகின்றன. கடைக்கார அண்ணனின் மனைவிதான் தைக்கிறார். பட்டையை முதலில் நூலால் ஓட்டுத் தையல் போட்டு நிறுத்தி, இரு ஓரத்திலும் தனித்தனியாக மறைதையல் போட்டு, பிறகு ஓட்டுத் தையலைப் பிரித்துவிடுகிறார். பசை ஒரு சொட்டு இல்லை. ஜரிகைக்குப் பசை ஆகாது: ஆறு மாதத்தில் பின்னாலிருந்து ஊறி முகப்பில் பழுப்புத் திட்டாகத் தெரியும்.

பிரிட்டிஷ்காரர் இருவரின் பெட்டிகளுக்குப் போனால் பார்க்க வேண்டியது கிரீடம். பிரிட்டிஷ் பீல்ட் மார்ஷல் சின்னத்தில் வாள் கிடையாது. இரண்டு கோல்கள் குறுக்காக, சுற்றிலும் லாரல் இலை வளையம், மேலே கிரீடம். ராணி எலிசபெத் காலத்துக் கிரீடத்தில் மேல் வளைவு நடுவில் சற்றே உள்வாங்கியிருக்கும். அதற்கு முந்தைய அரசர் காலத்துக் கிரீடத்தில் வளைவு உருண்டு மேலெழும். ஸ்லிம் பீல்ட் மார்ஷல் ஆனது 1949 ஜனவரியில், ஆறாம் ஜார்ஜ் காலத்தில். அவருக்கு உருண்ட கிரீடம் வேண்டும். டெம்பிளர் ஆனது 1956 நவம்பரில், அவருக்கு உள்வாங்கிய கிரீடம். கடையில் இருப்பது ஒரே அச்சு, உள்வாங்கியது. அதையே இருவருக்கும் வார்த்துவிட்டார்கள். மூன்றாம் சார்ல்ஸ் வந்த பிறகு பிரிட்டனில் உருண்ட கிரீடமே திரும்பி வந்துவிட்டதால் அந்த அச்சு கிடைப்பது இப்போது சிரமமில்லை. ஸ்லிம் பெட்டி வேண்டுமென்றால் அது வரும்வரை காத்திருக்கலாம். மற்றபடி அந்தப் பெட்டியில் படம் சரி, தேதி சரி. பர்மாவில் அவர் பதினான்காம் படையை நடத்தியது லெப்டினன்ட் ஜெனரலாக என்பதைப் பலகையில் ஒழுங்காகப் பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள்.

டெம்பிளர் பெட்டியை நம் ஊர்க்காரர்கள் அதிகம் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. அவசரகாலத்தில் 1952 முதல் 1954 வரை மலாயாவின் ஹை கமிஷனர். புதுக்கிராமம் ஒன்றைச் சுற்றிப் பார்க்கும் படத்தைப் போட்டிருக்கிறார்கள். அருமையான தேர்வு. ஆனால் மலாயாவில் இருந்த இரண்டு ஆண்டும் அவர் ஜெனரல்தான். கிரீடம், அதன் கீழ் ஒரு நட்சத்திரம், குறுக்காக வாளும் கோலும் என்பதே அந்தப் படத்துக்குரிய சின்னம். இந்தப் படத்தை விட்டுவிட மனம் வராது, விடவும் வேண்டாம். சின்னத்தை மாற்றச் சொல்லுங்கள். பலகையில் ‘பின்னாளில் பீல்ட் மார்ஷல், 1956’ என்று ஒரு வரி போதும். ஜெனரல் சின்னத்தில் வாளும் கோலும் இடத் தோளுக்கு ஒரு பக்கமும் வலத் தோளுக்கு மறுபக்கமுமாகத் திரும்பி, ஜோடியாக வரும். பெட்டியில் இரண்டையும் வைப்பதானால் இரண்டும் ஒரே பக்கம் பார்த்து நிற்காமல் எதிரெதிராக இருக்கின்றனவா என்று பாருங்கள்.

புதுக்கிராமத் திட்டம் என்றதும் அதை வகுத்த பிரிக்ஸ் பெயரும் வரும். அவருக்கும் இதே வரிசையில் ஒரு பெட்டி செய்து தரச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஹெரால்டு பிரிக்ஸ் லெப்டினன்ட் ஜெனரல், அதற்கு மேல் போகவில்லை. சிங்கப்பூர் சரணடைவில் எதிரெதிரே உட்கார்ந்த ஜப்பானின் யமாஷிதாவும் பிரிட்டனின் பெர்சிவலும்கூட 1942 பிப்ரவரியில் லெப்டினன்ட் ஜெனரல்கள்தான். பேர் பெரிதாக இருந்தால் பதவியும் உச்சமாக இருக்கும் என்று நினைத்துக் கோல் கேட்காதீர்கள்.

மெக்ஆர்தர் பெட்டி சுருக்கமாகச் சொல்லிவிடக் கூடியது. பிலிப்பைன்ஸின் லெய்தே கரையில் முழங்கால் நீரில் நடந்து வரும் அந்தப் படம் 1944 அக்டோபர் 20. அமெரிக்காவில் ஐந்து நட்சத்திரப் பதவிக்குச் சட்டம் வந்ததே அந்த ஆண்டு டிசம்பர் 14-இல். அவருக்குக் கிடைத்த தேதி டிசம்பர் 18. கரையேறியபோது நான்கு நட்சத்திரம். ஐந்து நட்சத்திரம் வேண்டுமானால் 1945 செப்டம்பர் 2, மிசௌரி கப்பலில் ஜப்பான் சரணடைந்த நாள் படத்தைப் போடச் சொல்லுங்கள். சின்னத்தைப் பொறுத்தவரை வேலை கச்சிதம்: ஐந்தும் நுனியோடு நுனி தொட்டு ஐங்கோணமாக நிற்கின்றன. மலிவுப் பெட்டிகளில் இவற்றை ஒரே வரிசையில் அடுக்கிவிடுவார்கள். பலகையில் இடம் இருந்தால் இன்னொன்றையும் சேர்க்கலாம். முதல் ஏழு பேருக்கும் டிசம்பர் 15 தொடங்கி 21 வரை நாளுக்கு ஒருவராகத் தேதி போட்டார்கள், யார் யாருக்கு மூத்தவர் என்ற கேள்வி பிறகு எழாமல் இருக்க. லீஹி முதல், ஆர்னால்டு ஏழாவது. அடுத்து ஹால்சி, 1950-இல் பிராட்லி. ஒன்பது பேரோடு அந்தப் பதவி நின்றுவிட்டது.

ஸுக்கோவ் பெட்டியில் சின்னம் சரி, படம் சரி. தோளில் ஒரே ஒரு பெரிய நட்சத்திரம். சோவியத் மார்ஷலுக்கு நட்சத்திரம் அவ்வளவுதான். தவறு எங்கே என்றால், எட்டுப் பெட்டியிலும் வலது கீழ் மூலையில் ஒட்டியிருக்கும் ஐந்து நட்சத்திரப் பித்தளைத் தகட்டில். தோளில் ஒன்று, மூலையில் ஐந்து என்றிருந்தால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்? ஐந்து நட்சத்திரம் என்பது படைகளை ஒப்பிடப் பயன்படும் கணக்கு. எல்லா நாட்டுச் சீருடையிலும் அது இருக்காது. பிரெஞ்சு மார்ஷலுக்கு ஏழு நட்சத்திரம். பிரிட்டிஷ் பீல்ட் மார்ஷல் தோளில் நட்சத்திரமே இல்லை. இந்தத் தகடு மெக்ஆர்தருக்கும், உச்சப் பதவியில் காலரில் ஐந்து நட்சத்திரம் உள்ள இந்தியர் மூவருக்கும்தான் பொருந்தும். மற்ற பெட்டிகளில் வேண்டாம் என்று சொன்னால் விலையில் ஐந்து வெள்ளி குறைத்தும் விடுகிறார்கள்.

இப்போது தெராவுச்சி. இந்த ஊரில் இந்த வரிசையைச் செய்வதற்கு முழு நியாயம் தரும் பெட்டி இதுதான், ஆனால் கடை இதைத்தான் அதிகம் கெடுத்து வைத்திருக்கிறது.

ஹிசாயிச்சி தெராவுச்சி 1941 நவம்பரில் ஜப்பானின் தென்திசைப் படைக்குத் தலைவரானார். மலாயாவைப் பிடித்த யமாஷிதா இவருக்குக் கீழே இருந்தவர். 1943 ஜூனில் பீல்ட் மார்ஷல். 1945 செப்டம்பர் 12 அன்று சிங்கப்பூரில் சரணடைவுப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டியவர், பக்கவாதத்தால் வர முடியாமல் ஜெனரல் இத்தாகாக்கி போட்டார். நவம்பர் 30 அன்று சைகோனில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டனிடம் நேரில் சரணடைந்து வாளை ஒப்படைத்தார். பிறகு கைதியாக வைக்கப்பட்டது ரெங்கத்தில். 1946 ஜூன் 12 அன்று இங்கேயே இறந்தார். பீல்ட் மார்ஷல் ஒருவரின் வாழ்க்கை முடிந்த ஊர் என்று சொல்லிக்கொள்ளக் கூடிய ஊர்கள் இந்த நாட்டில் எத்தனை இருக்கும்? கடைப் பலகையிலோ ‘மலாயாவில் மறைந்தார்’ என்று மட்டும் இருக்கிறது. ரெங்கத்தில் செய்து ரெங்கத்தில் விற்கும் பெட்டியில் ரெங்கம் என்ற பெயர் இல்லை.

அதைவிடப் பெரிய குறை ஒன்று. இவர் தலைமையில் இருந்த படைதான் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே அந்த 415 கிலோமீட்டர் ரயில் பாதையைப் போட வைத்தது. 1943 அக்டோபரில் அது முடிவதற்குள் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காட்டிலேயே மாண்டார்கள். தோட்டத்து ஊரில், தமிழில் எழுதிய பலகையில், தெராவுச்சியின் பெயருக்குக் கீழே அந்தச் செய்தி இல்லாமல் போகலாமா? பதவியைக் காட்டும் பெட்டியில் அந்தப் பதவியை வைத்துக்கொண்டு என்ன நடந்தது என்பதும் இருக்க வேண்டும். பள்ளிக்கு வாங்குபவர்கள் இந்த வரியைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள்: ‘சயாம் மரண ரயில் பாதை இவர் தலைமையிலிருந்த படையால் போடப்பட்டது. 1946 ஜூன் 12, ரெங்கத்தில் இறந்தார்.’ சொன்னதும் கடைக்காரர் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டு, கூடுதல் எழுத்துக்குக் காசும் வாங்குவதில்லை. அதற்காகவே அவரைப் பாராட்டலாம்.

சின்னத்திலும் திருத்தம் இருக்கிறது. ஜப்பானில் அது தனித் தோள்சின்னம் உள்ள பதவியாக இல்லை. ஜெனரலுக்குத் தரப்பட்ட உயர் தகுதி அது. சீருடையில் ஜெனரலின் பொன்னிறக் காலர் பட்டையும் மூன்று நட்சத்திரமும் அப்படியே இருக்கும். மார்பில் தனிப் பதக்கம் ஒன்று கூடும். கடையில் ஐந்து நட்சத்திரத்தைக் காலர் பட்டையில் பதித்திருக்கிறார்கள். அப்படி ஒன்றை யாரும் அணிந்ததில்லை. மூன்று நட்சத்திரப் பட்டையைப் போடச் சொல்லிவிட்டு, மார்புப் பதக்கத்துக்கு நல்ல அச்சு கிடைக்காவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடச் சொல்லுங்கள். தப்பான பதக்கத்தைவிட வெற்றிடம் நல்லது.

பெட்டியின் கட்டுமானம் பற்றி. சட்டம் ரப்பர் மரம், நம் தோட்டத்து மரம்தான். வெட்டிய சில நாளுக்குள் மருந்தூட்டி உலர்த்தாவிட்டால் ரப்பர் மரத்தில் நீலம் பாயும், பிறகு துளைவண்டு ஏறும். இங்கே மருந்தூட்டி உலர்த்திய பலகையை வாங்குகிறார்கள். வெட்டுமுனையில் நீலக்கோடு இல்லை, மாவு உதிர்வதும் இல்லை. மூலைகள் 45 பாகையில் வெட்டி, உள்ளே மரச்சில்லு செருகி ஒட்டியவை. பின்பக்கம் கையால் அழுத்தினாலும் வாய் பிளக்கவில்லை. உள் ஆழம் 40 மில்லிமீட்டர். கண்ணாடிக்கும் சின்னத்துக்கும் இடையே விரல்கடை இடைவெளி கிடைக்கிறது. இந்த இடைவெளி முக்கியம். நம் ஊர் ஈரத்தில் கண்ணாடியைத் தொட்டுக்கொண்டிருக்கும் படம் ஒட்டிக்கொள்ளும், உரித்தால் முகம் கிழியும்.

குறைகள் மூன்று. பித்தளைச் சின்னத்தை ஒட்ட குளியலறைக்குப் பூசும் சிலிக்கோனைப் பயன்படுத்துகிறார்கள். திறந்தால் காடி வாடை அடிக்கும் வகை அது. அந்த ஆவி மூடிய பெட்டிக்குள் பித்தளையைப் பச்சை பூக்க வைக்கும். மெல்லிய செப்புக் கம்பியால் பின்னட்டையோடு கட்டச் சொல்லுங்கள். சின்னத்தின் பின்னால் ஏற்கெனவே இரண்டு காதுகள் இருக்கின்றன, நாலு துளையும் இரண்டு முறுக்கும் போதும். அடுத்தது, பின்னணித் துணி. சிவப்புக் கம்பளி ஃபெல்ட் பார்க்க எடுப்பாக இருந்தாலும் கம்பளியிலிருந்து கந்தகம் வரும், வெள்ளி கலந்த ஜரிகை கறுக்கும். பருத்தி வெல்வெட் கேளுங்கள், எட்டு வெள்ளி கூடுதல். மூன்றாவது, முதுகுப்பக்கம் பழுப்புத் தாள் ஒட்டி முழுதாக மூடிவிடுவது. உள்ளே வைக்கும் 10 கிராம் சிலிக்கா ஜெல் பொட்டலம் சில மாதத்தில் நிறைந்துவிடும். தாளைக் கிழிக்காமல் அதை மாற்ற வழியில்லை. முதுகுப் பலகையை ஆறு திருகாணியால் பூட்டச் சொன்னால் செய்து தருகிறார்கள். நிறம் மாறும் ஜெல் போட்டுக்கொண்டால் எப்போது மாற்றுவது என்று பார்த்தே தெரியும். ஆரஞ்சு போய்ப் பச்சை வந்தால் எடுத்துவிட வேண்டியதுதான்.

பெயர்ப்பலகையில் தமிழ் எழுத்து 4 மில்லிமீட்டருக்குக் கீழே போகக் கூடாது. இயந்திர ஊசி அதற்குக் கீழே புள்ளியை நிரப்பிவிடுகிறது, ‘ர்’ எல்லாம் ‘ர’ ஆகி நிற்கிறது. ஒரு பெட்டியில் ‘டெம்பிளர’ என்று இருந்தது இதனால்தான். நான்கு வரிக்கு மேல் எழுத நினைத்தால் பலகையை 5 அங்குலத்துக்குப் பெரிதாக்குங்கள், எழுத்தைச் சின்னதாக்காதீர்கள்.

வீட்டில் மாட்டும்போது சமையலறைக்கும் குளியலறைக்கும் பொதுவான சுவரைத் தவிர்க்கவும். முதுகின் கீழ் மூலைகளில் ரப்பர் குமிழ் இரண்டு ஒட்டிக்கொண்டால் சுவருக்கும் பெட்டிக்கும் இடையே காற்று ஓடும். ஒரே ஆணியில் தொங்கவிடாமல் இரண்டு கொக்கி. துடைக்கும் மருந்தைக் கண்ணாடி மேல் நேராக அடிக்காதீர்கள், ஓரத்தில் இறங்கும். துணியில் அடித்துத் துடைக்கவும். குத்துவிளக்குக்குப் போடும் பிராஸோவைச் சின்னத்தில் போடவே கூடாது. தங்கமுலாம் பூசியவை அவை, இரண்டு தேய்ப்பில் முலாம் போய்விடும்.

வரிசையில் இல்லாதவற்றைத் தனி ஆர்டராகவும் எடுக்கிறார்கள், 190 வெள்ளி. தமிழ்ப்பள்ளிகளுக்கு நாங்கள் முதலில் சொல்வது கே. தனபாலசிங்கம் பெட்டியை. அவர் எட்டிய பதவி ரியர் அட்மிரல், இரண்டு நட்சத்திரம். இந்த வரிசையின் உச்சப் பதவிக் கணக்கில் வராது. ஆனாலும் மலேசியக் கடற்படைக்கு முதல் மலேசியத் தலைவர் அவர். 1967-இல் பொறுப்பேற்றபோது வயது 31, 1976 வரை நடத்தினார். இன்று அதே நாற்காலியில் உட்காருபவர் நான்கு நட்சத்திர அட்மிரல். கைப்பட்டையில் அகலப் பட்டை ஒன்று, அதற்கு மேல் சுழி வைத்த மெல்லிய பட்டை ஒன்று. பிரிட்டிஷ் வழி அளவு முறையே 1¾ அங்குலம், 9/16 அங்குலம். சுழி மேல் பட்டையில் மட்டுமே வரும். மரியாதைக்காக ஒரு பட்டையைக் கூட்டிப் போடச் சொல்லாதீர்கள், வைஸ் அட்மிரல் ஆகிவிடும். இரண்டே பட்டையோடு அவர் செய்தது போதும் பெருமைக்கு.

மலேசியாவின் உச்சப் பதவி மாமன்னருக்குரியது. கூட்டரசு அரசியலமைப்பின் 41-ஆம் பிரிவுப்படி ஆயுதப்படைகளின் உச்சத் தளபதி அவரே. பணியில் உயர்ந்து வரும் அதிகாரி எட்டக்கூடியது நான்கு நட்சத்திர ஜெனரல் பதவி வரைதான். மாமன்னர் சின்னத்தை இந்தக் கடை செய்வதில்லை, கேட்க வேண்டாம். அண்டை நாடுகளில் இந்தோனேசியாவின் மூவரைக் கேட்டால் செய்வார்கள்: சுடிர்மான், நசுத்தியோன், சுகார்த்தோ, மூவருக்கும் 1997 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில். சுடிர்மானுக்கு அது இறந்தபின் கிடைத்தது என்பதைப் பலகையில் மறக்க வேண்டாம். சிங்கப்பூரில் இந்தப் பதவியே இல்லை. அங்கே படைத்தலைவர் பதவி மூன்று நட்சத்திரத்தோடு நிற்கிறது. இலங்கையின் சரத் பொன்சேகாவுக்குப் பீல்ட் மார்ஷல் பதவி கிடைத்தது 2015 மார்ச் 22-இல்.

சின்னத்தைப் பெட்டி இல்லாமல் தனியாக எவ்வளவு காசு கொடுத்தாலும் விற்க மாட்டார்கள். இது சரியான நடைமுறை. இராணுவத்தார் என்று பிறர் நம்ப வேண்டும் என்பதற்காகச் சின்னம் அணிவது தண்டனைச் சட்டம் 140-ஆம் பிரிவின்படி குற்றம்.

ஆர்டர் கொடுக்கப் போகும்போது ஒரு தாளில் ஐந்து விஷயம் எழுதிக்கொண்டு போங்கள்: படம் எடுத்த ஆண்டு, அந்த ஆண்டில் அவர் வகித்த பதவி, உச்சப் பதவி கிடைத்த நாள், சின்னத்தில் மேலிருந்து கீழாக என்னென்ன, பலகையில் வர வேண்டிய வாசகம். கடைக்கார அண்ணனிடம் வாயால் சொன்னால் தலையாட்டிவிட்டுப் பழைய அச்சையே எடுப்பார், தாளில் கொடுத்தால் அதைப் பெட்டி முதுகில் குத்தி வைத்துக்கொண்டே வேலை செய்வார். பின்னட்டையைப் பூட்டுவதற்கு முன் ஒரு படம் அனுப்பச் சொல்லி, கிரீடத்தையும் பட்டைகளையும் எண்ணிப் பார்த்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள். ஆகஸ்டு சுதந்திர மாதத்துக்கு வேண்டுமென்றால் ஜூன் கடைசிக்குள் சொல்லிவிட வேண்டும். ஜூலையில் பள்ளி ஆர்டர்கள் குவிந்து, தையல் வேலை உள்ள பெட்டிகள் ஐந்து வாரம்வரை இழுக்கின்றன.